முதலில் சுழியைப் பாருங்கள்

சண்டிலிப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதி ஒரு வருடமாகிறது. சின்ன வயதிலிருந்தே வீட்டில் எல்லோருக்கும் சடை பின்னி விடுவதும், சாமத்திய வீடுகளில் பிள்ளைகளுக்குப் பூ வைத்து விடுவதும் இவர்தானாம். இப்போது அழகுக்கலையையும் சிகையலங்காரத்தையும் முறையாகப் படிக்க விருப்பம். நகரத்தில் ஒரு இடத்தில் மூன்று மாத வகுப்புக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் கேட்கிறார்கள். மணப்பெண் அலங்காரம் முதல் கலரிங் வரை எல்லாம் சொல்லித் தருவார்களாம். அவருடைய கேள்விகள்: "அக்கா, எதை முதலில் பழக வேண்டும்? யூடியூப் பார்த்துப் பழகினால் போதாதா? ஆம்பிளைகளின் தலைமயிர் வெட்டவும் பழகலாமா? அம்மா 'படிச்ச பிள்ளை ஆக்களின்ர தலைமயிர் வெட்டப் போறதோ' என்று அழுகிறா. அவவுக்கு நான் என்ன சொல்ல?"

அன்புள்ள தங்கச்சி,

எதை முதலில் பழக வேண்டும் என்று கேட்டீர்களே, அதுவே எனக்குச் சந்தோசம். என்னிடம் பழக வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் எத்தனை நாளில் மணப்பெண் அலங்காரம் வரும் என்றுதான் கேட்பார்கள். முதலில் பழக வேண்டியது தலையைப் பார்க்கவும் தொடவும்தான். கத்தரிக்கோல் அதற்குப் பிறகுதான். இதை நான் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன்.

பெண்களுக்கான பார்லரில் நான்கு வருடம் வேலை செய்த பிறகு, மெஷினும் சவரக்கத்தியும் பழகுவதற்காகக் கொக்குவிலில் சலூன் வைத்திருந்த ஒரு ஐயாவிடம் போனேன். முதல் கிழமை முழுக்க அவர் என்னை எதையும் வெட்ட விடவில்லை. ஆள் வந்து கதிரையில் இருந்து துணி போர்த்தியதும் என்னைக் கூப்பிடுவார். "சுழி எங்கே, எந்தப் பக்கம் சுத்துது? சொல்லு பிள்ளை" என்பார். நான் விரல்களால் உச்சியைக் கோதிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோருக்குச் சுழி கடிகார முள் போகிற திசையில் சுற்றும். சிலருக்கு மறுபக்கம். சிலருக்கு இரட்டைச் சுழி. இரட்டைச் சுழிக்கு இரண்டு கலியாணம் என்று ஊரில் சொல்வார்கள். வெட்டுகிற எங்களுக்கு அதன் பொருள் வேறு. அந்த இடத்தில் முடி எதிரெதிர்ப் பக்கமாகக் கிளம்பி வளர்கிறது. மற்ற இடம் போல அதையும் கட்டையாக வெட்டினால் முள்ளம்பன்றி மாதிரி நிமிர்ந்து நிற்கும், எந்த ஜெல் போட்டாலும் படியாது. அங்கே அரை அங்குலம் கூடுதலாக விட வேண்டும், அது விழுகிற பக்கம் பார்த்து வெட்ட வேண்டும்.

உச்சி முடிந்ததும் பிடரி. பிடரியில் முடி கீழ்நோக்கித்தான் வளரும் என்று நினைத்திருந்தேன். ஐயா ஒருவரின் பிடரியை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். இடப்பக்கம் கீழே போகிறது, வலப்பக்கம் காதை நோக்கிச் சரிந்து போகிறது. ஒரே நம்பர் மெஷினை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டினால் ஒரு பக்கம் கருமையாகவும் மறு பக்கம் வெளிறியும் தெரியும். முடி வளர்கிற திசைக்கு எதிராக ஓட்டினால் கட்டையாக எடுக்கும், அதன் போக்கில் ஓட்டினால் நீளமாக விடும். ஒரே கிழமையில் இருநூறு பேரின் பிடரியைப் பார்த்திருப்பேன். இரண்டு பிடரி ஒரே மாதிரி இருந்ததாக நினைவில்லை.

உங்களுக்கு வீட்டில் எத்தனையோ தலை பின்னிய பழக்கம் இருக்கிறது. அதை இனிக் கவனித்துச் செய்யுங்கள். அம்மாவின் முடி ஒவ்வொன்றும் மெல்லியதா தடிப்பா? அடர்த்தி எப்படி? இவை இரண்டும் வேறு வேறு. மெல்லிய முடி அடர்த்தியாகவும் இருக்கும், தடித்த முடி ஐதாகவும் இருக்கும். முழுகியதும் ஈரத்தில் எவ்வளவு நீளம், காய்ந்ததும் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று அளந்து பாருங்கள். ஈர முடி இழுபடும். சுருட்டை முடியை ஈரத்தில் தோளளவு என்று வெட்டிவிட்டு, காய்ந்ததும் அது கன்னத்தில் வந்து நிற்க, கண்ணாடியில் வாடிக்கையாளரின் முகம் மாறுவதைப் பார்க்கிற நிலை உங்களுக்கு வரக்கூடாது.

முடியைப் பற்றிக் கொஞ்சம் படிப்பும் வேண்டும். ஒரு முடியின் வெளிப்புறம் ஓட்டுக்கூரை மாதிரி செதில் செதிலாக, நுனியைப் பார்த்து அடுக்கப்பட்டிருக்கிறது. நிறமும் பலமும் அதற்கு உள்ளே இருக்கிற பகுதியில். நுனியிலிருந்து வேரை நோக்கி எதிராகச் சீவினால் ஓடு கிளம்புவது போலச் செதில் கிளம்பும், சிக்கு விழும். சிக்கெடுக்கும்போதும் சீப்பு நுனியைப் பார்த்தே போக வேண்டும், ஆனால் நுனிப் பகுதியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேல் பகுதிக்கு வர வேண்டும். தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடி உண்டு. மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றரோ அதைவிடச் சற்றுக் கூடவோ வளரும். நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழக்கம். இதைச் சொன்னாலே முடி கொட்டுகிறது என்று பயந்து வருகிறவர்களில் பலர் ஆறுதலாகி விடுவார்கள். அதற்கு மேல் கொட்டினால் நான் முதலில் கேட்பது, "இரண்டு மூன்று மாதத்துக்கு முதல் காய்ச்சல் வந்ததா, பிள்ளை பிறந்ததா?" என்றுதான். டெங்குவோ பெரிய காய்ச்சலோ வந்துபோன உடனே முடி கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்தாக வரும், பெரும்பாலும் தானாகத் திரும்பவும் வளரும். அவர்களுக்கு விலை கூடிய எண்ணெய் விற்காதீர்கள். வட்டமாக முடி போன புழுவெட்டு என்றால் அங்கே புழு எதுவும் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. தலையில் செதிலும் புண்ணும் இருந்தால் அது தொற்றாகவும் இருக்கலாம். இரண்டையும் தோல் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

நாங்கள் இருக்கிற மண்ணையும் மறக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு முடியிலும் படியும். ஷாம்பு நுரைக்காது, முடி முரடாகும், கலர் சீராகப் பிடிக்காது. நான் கலர் போடுகிற நாட்களில் கடைசி அலசலுக்கு வடிகட்டிய தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோதான் பாவிப்பேன். வேறு ஊரில் எடுத்த வீடியோவில் இது வராது.

சரி, யூடியூப். பாருங்கள், நானும் இன்றைக்கும் பார்க்கிறேன். ஆனால் முடியை விரலிடுக்கில் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதைத் திரை காட்டாது. ஒரு பக்கம் இறுக்கி, மறு பக்கம் தளர்த்திப் பிடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் சரியாக வராது. அது கையில் இருக்கிற விசயம். பக்கத்தில் நின்று ஒருவர் உங்கள் விரலைப் பிடித்துத் திருத்தினால்தான் வரும்.

கத்தரிக்கோலில் தொடங்குங்கள். மோதிர விரல் ஒரு வளையத்தில், பெருவிரல் நுனி மட்டும் மற்ற வளையத்தில். துணி வெட்டுவது போலப் பெருவிரலை முழுக்க நுழைக்கக் கூடாது. மோதிர விரல் பிடித்த அலகு அசையாமல் நிற்க வேண்டும், பெருவிரல் அலகு மட்டும் திறந்து மூட வேண்டும். டீவி பார்த்துக்கொண்டே வெறுங்காற்றில் ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் திறந்து மூடிப் பழகுங்கள். இரண்டு கிழமையில் அசையாத அலகு உண்மையாகவே அசையாமல் நிற்கும். அதற்குப் பிறகு அதே கையில் சீப்பையும் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

முதல் வெட்டு, ஒரே நீள வெட்டு. உண்மை முடி வைத்த டம்மித் தலை ஒன்று வாங்க வேண்டும். தலையை நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், காதிலிருந்து காது வரைக்கும் பிரித்து நான்கு பங்காக்குங்கள். பிடரியிலிருந்து ஒரு விரல் தடிப்பில் ஒவ்வொரு படையாக இறக்கி, முடி தானாக விழுகிற இடத்திலேயே வைத்து நேராக வெட்டுங்கள். தூக்காமல் வெட்டினால் ஒரே கோடு. 45 பாகை தூக்கி வெட்டினால் கீழே கனம் சேர்ந்து படிப்படியாக வரும். 90 பாகை தூக்கினால் லேயர். பெண்களின் வெட்டில் எத்தனை பெயர் இருந்தாலும் பெரும்பாலானவை இந்த மூன்றின் கலவைதான். அதனால் புதுப் புது வெட்டாக ஓடாமல், ஒரே நீள வெட்டையே டம்மி மொட்டையாகும் வரை வெட்டிப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் எடுத்தால் ஒரே டம்மியில் பல வெட்டு வரும்.

ஆண்களின் வெட்டைப் பழகலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் பழகுங்கள். பார்லரில் மட்டும் பழகின கைக்கும் மெஷின் பழகின கைக்கும் வித்தியாசம் தெரியும். கட்டை முடியில் பிழையை ஒளிக்க இடமில்லை. மெஷினில் நம்பர் ஒன்று என்றால் 3 மில்லிமீற்றர், இரண்டு என்றால் 6, நான்கு என்றால் ஏறக்குறைய 13. இப்போது பெடியன்கள் கேட்கிற ஃபேட், இந்த நீளங்களுக்கு நடுவில் கோடு தெரியாமல் கரைப்பதுதான். முகச்சவரத்தில் வெந்நீர்த் துவாயால் முடியை ஊறவைத்து, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை 30 பாகை அளவில் சரித்து, முதலில் முடி வளர்கிற போக்கில் மட்டும் வழிக்க வேண்டும். சுருட்டைத் தாடிக்காரருக்கு எதிர்ப்போக்கில் ஒட்ட வழித்தால் முடி திரும்பித் தோலுக்குள் வளர்ந்து பருவாகும்.

ஒன்றை மட்டும் யார் சொல்லித் தந்தாலும் பழக வேண்டாம். வெட்டி முடிய நாடியைப் பிடித்துக் கழுத்தைப் படக்கென்று திருப்பி நெட்டி முறிப்பது. மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் கழுத்தெலும்புக்குள்ளால் ஏறுகிறது, அது கிழிந்தால் பக்கவாதம் வரலாம். முழுக வார்க்கிற பேசினிலும் கவனம் வேண்டும். கழுத்தைப் பின்னுக்குக் கனநேரம் மடித்து வைத்ததால் பக்கவாத அறிகுறி வந்தவர்களைப் பற்றி 1993 இல் மைக்கேல் வெயின்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் வைத்தியர் எழுதினார். பேசின் விளிம்பில் ஒரு துவாயைச் சுருட்டி வைப்பது பெரிய வேலை இல்லை. வயதானவர் என்றால் நான் குனிய வைத்தே வார்த்து விடுவேன்.

சுத்தத்தைப் பற்றி விட்டுக்கொடுக்காமல் எழுதப் போகிறேன். ஒரு ஆளுக்கு ஒரு பிளேட். அதுவும் அவர் கண் முன்னால் உறை பிரித்துப் பூட்ட வேண்டும். மஞ்சட்காமாலையைத் தருகிற ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த இரத்தத் துளியிலும் ஏழு நாள் வரை உயிரோடிருக்கும். கண்ணுக்கே தெரியாத கீறல் போதும். பிளேட்டை மாற்றுகிற கடைகளிலும் நான் கண்ட பிழை ஒன்று உண்டு: படிகாரக் கல். ஒருவரின் வெட்டுக்காயத்தில் தேய்த்த அதே கல்லை அடுத்தவருக்கும் தேய்ப்பார்கள். தூளாக்கிப் பஞ்சில் தொட்டு வைத்துப் பஞ்சை எறிந்து விடுங்கள். சீப்பையும் கத்தரிக்கோலையும் முதலில் முடி தட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் கிருமிநாசினியில் போட வேண்டும், போத்தலில் எழுதியிருக்கிற நேரம் முழுக்க. அழுக்கோடு போட்டால் மருந்து வேலை செய்யாது. கண்ணாடிப் பெட்டிக்குள் எரிகிற நீல லைட், கழுவிய சாமானை வைக்கத்தான் உதவும், அழுக்கைச் சுத்தமாக்காது. கடை தொடங்குகிற காலத்தில் பிரதேச சபையிடம் அனுமதி எடுக்கும்போதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போதும் இதையெல்லாம் காட்டத்தான் வேண்டி வரும். அதற்காக மட்டும் செய்தால் கை மறந்துவிடும்.

உங்கள் கையையும் பாருங்கள். பழகுகிற காலத்தில் நாளெல்லாம் தலை கழுவிக் கை வெடித்து, அதனாலேயே தொழிலை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். கலருக்கு மட்டும் இல்லாமல், கழுவும்போதும் கையுறை போடுங்கள்.

மருந்து வேலைகளை, அதாவது கலரிங், ஸ்ட்ரெய்ட்டனிங் போன்றவற்றை, முதல் ஆறு மாதம் தொட வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். கடை தொடங்கிய இரண்டாம் வருடம். மகளின் கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு மாமி டை போட வந்தார். ஒவ்வாமைப் பரிசோதனைக்கு 48 மணித்தியாலம் வேண்டும். எனக்கு அது தெரியும். "நான் வீட்டில போடுறனான் பிள்ளை, ஒன்றும் செய்யாது" என்றார். நேரம் இல்லை என்று நானும் போட்டுவிட்டேன். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அவருடைய மகன் வந்து கதவைத் தட்டினார். மாமியின் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன, நெற்றி முழுக்கத் தடிப்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்துதான் தாலி கட்டுவதைப் பார்த்தார். கலியாணப் படங்களில் அவர் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார். பிழை முழுக்க என்னுடையது.

கறுப்பு டைகளில் பீபீடி என்கிற இரசாயனம் உண்டு. பல முறை போட்டு ஒன்றும் செய்யாதவருக்கும் ஒரு நாள் அது ஒத்துக்கொள்ளாமல் போகும். கையில் கறுப்பு மருதாணி போட்டவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். மருதாணி இலை செம்மண்ணிறம்தான் தரும். உடனே கறுப்பாகப் பிடித்தால் அதில் அநேகமாக பீபீடி கலந்திருக்கும். அதனால் தோல் பழுதானவர்களின் உடம்பு பிறகு டைக்கும் பொங்கக்கூடும். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பொறுக்க மாட்டேன் என்கிறவரைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு நாள் காசு போகும், அவ்வளவுதான்.

அதே மாதிரி, பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிரீம்கள். சிலவற்றில் பாதரசமும் சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஸ்டீராய்டு தோலை மெல்லிசாக்கிவிடும். பிள்ளை கறுப்பு என்று தாய்மார் கேட்பார்கள். அந்தப் பிள்ளையின் நிறத்துக்குப் பொருந்துகிற பவுண்டேசனைத் தேர்ந்தெடுத்து, அவள் அவளாகவே வடிவாக இருக்கிறாள் என்று கண்ணாடியில் காட்டுவதுதான் எங்கள் வேலை. மணப்பெண் அலங்காரத்தைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும். அது பிறகு வரும்.

இனி வகுப்பு. மூன்று மாதத்தில் எல்லாம் சொல்லித் தருவதாகச் சொல்கிற இடத்துக்கு ஒன்றரை இலட்சத்தைக் கொடுக்கும் முன், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறார்களா, அந்த வகுப்புக்குத் தேசிய தொழில் தகைமை, அதாவது என்விகியூ, கிடைக்குமா என்று கேளுங்கள். தங்கள் பெயர் அச்சடித்த வண்ணச் சான்றிதழ் வேறு, இது வேறு. வெளிநாட்டில் வேலைக்குப் போக நினைத்தாலும் இதுதான் உதவும். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா போன்ற அரச நிறுவனங்களிலும் கேளுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் திறன் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் போனால் எந்த வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று சொல்வார். கடையில் வேலை செய்து பழகினவர்களும், பிறகு பரிசோதனைக்குத் தோற்றி அதே தகைமையை எடுக்கலாம். நானே அப்படித்தான் நான்காம் மட்டம் எடுத்தேன். எந்த இடமானாலும் ஒரு நாள் வகுப்பில் இருந்து பார்க்கக் கேளுங்கள். ஒரு டம்மியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். விட மாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம்.

அம்மாவின் அழுகைக்கு வருகிறேன். அவ ஏன் அழுகிறா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எங்கள் ஊர் இந்தத் தொழிலைப் பிறப்பைப் பார்த்து ஒரு சனத்துக்கென்று ஒதுக்கியது. மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கவும், செத்த வீட்டுக் கிரியைக்கும் அவர்கள் வராமல் முடியாது, ஆனால் கதிரை கொடுத்து இருத்தியதில்லை. எனக்குச் சுழி பார்க்கப் பழக்கிய ஐயா அந்தக் குடும்பத்தில் வந்தவர். கையில் இருந்த அத்தனை வித்தையையும் ஒரு சதம் வாங்காமல் தந்தார். இந்தத் தொழில் இழிவு என்று யாரும் சொல்லும்போது எனக்கு அவருடைய முகம்தான் வரும், கோபமும் வரும். உங்கள் அம்மாவோடு கோபிக்க வேண்டாம். அவ பயப்படுவது சனத்தின் வாய்க்கு. விளக்கம் சொல்லி வெல்லப் பார்க்காமல், நல்ல பெயரோடு நடக்கிற ஒரு கடைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போய், அரை நாள் இருந்து பார்க்க விடுங்கள். முடிந்தால் அங்கேயே அவவின் தலைக்கு எண்ணெய் வைத்து முழுக வார்த்து, நுனியை வெட்டி விடச் சொல்லுங்கள். எத்தனை வருடமாக மற்றவர்களின் தலையை மட்டும் பார்த்தவவோ.

வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் முற்றத்தில், நல்ல வெளிச்சத்தில் இருத்துங்கள். ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொருவருக்கும் சுழி எங்கே, எந்தப் பக்கம் சுற்றுகிறது, பிடரி முடி எங்கே போகிறது, முடி மெல்லியதா தடிப்பா என்று படம் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தலையில் தொடங்குங்கள். பத்துத் தலை பார்த்து முடிந்ததும் கொப்பிப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், இருந்து வடிவாகப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா